செவ்வாய்க்கிழமை ஊதிய சங்கு

எங்கள் செம்பூர்ப் பக்கத்து ரசாயனத் தொழிற்சாலையில் திங்கள்தோறும் காலையில் அபாயச் சங்கைச் சோதனைக்காக ஊதுவார்கள். அப்போது நான் டீ தம்ளரைக்கூடக் கீழே வைப்பதில்லை.

இன்று செவ்வாய். டிராம்பே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அதே சங்கு ஊதியது. கை கால் நடுங்கிவிட்டது. வீட்டில் மனைவி தனியாக இருக்கிறாள். "பஸ்ஸை நிறுத்து!" என்று கத்தினேன்.

"அரே காகா, டெஸ்டிங் ஹை. பைட்டோ, பைட்டோ" என்று கண்டக்டர் என்னை உட்காரவைக்கப் பார்த்தார்.

உட்காருவேனா? இறங்கி நின்று வீட்டுக்குப் போன் போட்டேன். "கேஸை மூடிட்டு வெளியே ஓடு!"

"எதுக்கு ஓடணும்? சோதனைய இனிமே செவ்வாய்க்கு மாத்திட்டாவ. கீழ கேட்டுல நோட்டீஸ் ஒட்டிருக்கு. ஊரு உலகத்துல உள்ளதெல்லாம் படிக்கீங்க, அதப் படிக்கலியா?"

பொடி எழுத்தில் ஒட்டியவர்களை நாளை போய்க் கேட்கத்தான் போகிறேன்.

நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. மூளையின் நரம்பணுக்களில் அலைகள் ஓயாமல் ஓடுகின்றன. வெளியிலிருந்து வரும் சத்தம் அந்த அலையின் மேல்தான் விழுகிறது. அலை இருக்கும் நிலைக்கு ஏற்றபடிதான் மூளை அதை எடுத்துக்கொள்ளும். சங்கு ஒன்றுதான். திங்களன்று டீ, செவ்வாயன்று நடுக்கம்.

நடுக்கம் நின்ற பிறகுதான் உண்மையான பயம் வந்தது. இனி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நிஜமாகவே விஷவாயு கசிந்து சங்கு ஊதினால், நாங்கள் இருவரும் டீ குடித்துக்கொண்டிருப்போம்.

மனைவியிடம் இதைச் சொன்னேன்.

"அப்பம் செவ்வாய்க்கிழம நீங்க பயந்துக்கிடுங்க. மத்த நாளு நான் பயந்துக்கிடுதேன்" என்றாள்.

உங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை யார் முறை?