காட்டுக்கு ஒரு பழைய வண்டி

நவம்பரில் மான் சுடப் போகிறோம் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு இறைச்சி கேட்பார்கள். பதினேழு வருடங்களாக நானும் என் நண்பனும் இரண்டையும் சகித்துக்கொண்டு போய்வந்தோம். நான் ஒன்ராறியோவின் மில்லிக்கனில் இருக்கிறேன், அவன் விட்பியில். உரிமங்கள் வழங்கும் அரச அலுவலகம் ஒன்றின் கவுண்டருக்குப் பின்னால் இருபத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதே காலத்தை அவன் நெடுஞ்சாலையில் பெரிய ட்ரக் ஓட்டிக் கழித்தான். ஒரு கீறல்கூட இல்லாத பதிவு. பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களுக்கு நடுவில், கம்பனி கொடுத்த பாதுகாப்பு விருதையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான். படங்களைவிட அது கொஞ்சம் உயரத்தில் இருக்கும்.

ஒவ்வொரு வருடமும் நாங்கள் வெளிக்கிடும்போது அவன் மனைவி வாசலில் நின்று அதே வசனத்தைச் சொல்வார்.

"அங்கை துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்கி வைச்சிருக்கினம்."

நாங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டிருப்போம்.

இரண்டு வருடங்களுக்கு முந்திய சீசனில் அவன் விழுந்தான். நீரிழிவு ஏற்கனவே இடது காலில் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிருந்தது. பாதங்கள் இரண்டிலும் உணர்ச்சி குறைவு. நாங்கள் காத்திருக்கும் இடம், ஒரு விவசாயியின் காணிக்குள், தெருவிலிருந்து இருபது நிமிட நடை. வழியில் ஒரு சதுப்பு. அதில் முகம் குப்புறக் கிடந்தவனை நிமிர்த்தி, இழுத்து, மரத்தோடு சாய்த்து, திரும்பக் காருக்குக் கொண்டுவர எனக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. என் வயதும் அறுபத்தொன்பது. காருக்குள் இருந்து காது மடலில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டு சொன்னான்:

"வாற முறை காட்டுக்குள்ள போக எனக்கொரு வண்டி வேணும் மச்சான். இல்லாட்டி நான் வரமாட்டன்."

வராமல் விட்டால் அவனிடம் மிஞ்சப்போவது மருந்துப் பெட்டியும், மனைவி பார்க்கும் தொடர் நாடகங்களும், காலையில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும் வேலையும்தான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வண்டி வாங்குவது பெரிய காரியமில்லை. ஆனால் ஒன்ராறியோவில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு வண்டியில் இருக்கக் கூடாது. இறங்க வேண்டும், பிறகுதான் நிரப்பலாம். வண்டி அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், இறக்கிவிடாது. நடக்க இயலாதவர்களுக்கு, நிறுத்திவைத்த வண்டியில் இருந்தபடியே சுட விசேட அனுமதி உண்டு. அதற்கொரு படிவம். படிவத்தில் ஒரு பகுதியை மருத்துவர் நிரப்ப வேண்டும். இப்படி ஒரு படிவம் இருப்பது அதை வாங்கி அடுக்கிவைப்பவர்களிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதைச் சொன்னபோது நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியிருப்பேன்.

அடுத்த செப்டம்பரில், பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒரு பண்ணையில் பழைய வண்டி ஒன்று விற்பனைக்கு இருப்பதாக விளம்பரம் பார்த்தோம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போகிற, இரும்புக் குழாய்ச் சட்டத்தைத் தலைக்கு மேல் வளைத்த, நாலு சில்லுக் காட்டு வண்டி. அவனுடைய பிக்கப் ட்ரக்கில் போனோம். ஓட்டியது அவன். வேறு யாரும் ஓட்ட அவன் விட்டதில்லை.

பாதி வழியில் அவன் பேச்சு நின்றது. நான் காப்புறுதி விதிகளை விளக்கிக்கொண்டிருந்தேன், ஆகவே அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு வலது பக்கச் சில்லுகள் தெருவோரக் கிரவல் கற்களில் ஏறும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, ஆள் இல்லை. நெற்றி முழுக்க வியர்வை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்து, அவன் காலைத் தட்டிவிட்டு, கியரை நடுவுக்குத் தள்ளி, எப்படியோ ஒரு சோளக் காணியின் வேலிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கதவுப் பையில் ஒரு சிறிய ஜூஸ் பெட்டி இருந்தது. பேத்தியுடையது. அதைக் குடிக்கவைத்தேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தான்.

"சீனி இறங்கிப்போச்சு," என்றான், கடைக்குப் போய்வந்தவன் மாதிரி. "காலமை சாப்பிடேல்லை. வீட்டை சொல்லிப்போடாதை."

"முந்தியும் வந்ததோ?"

"ஒருக்கா. வீட்டுக்குள்ள."

"நீ எனக்குச் சொல்லேல்லை," என்றேன்.

மிச்சத் தூரத்தையும் அவனே ஓட்டினான். நானும் பக்கத்தில் இருந்தேன். அதை இப்போது எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை.

பண்ணைக்காரர் இடுப்பு எலும்பு மாற்றியவர், இனி காட்டுப்பக்கம் போவதில்லை என்றார். நான் வண்டியின் இரும்புச் சட்டத்தில் பொறித்த இலக்கத்தைப் பதிவுத் தாளோடு ஒப்பிட்டேன். எஞ்சின் ஓடிய மணித்தியாலங்களைப் பார்த்தேன். அடியில் மல்லாந்து படுத்து, அச்சுகளின் ரப்பர் உறைகள் கிழிந்திருக்கின்றனவா என்று டோர்ச் அடித்தேன். பெல்ட் கருகிய மணம் வருகிறதா என்று முகர்ந்தேன்.

"பொம்பிளை பாக்க வந்த மாமன் மாதிரி நிக்கிறாய்," என்றான் அவன். "பல்லையும் எண்ணிப் பாரன்."

பண்ணைக்காரர் அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டார். நல்ல வண்டி என்கிறான் என்றேன்.

அவன் ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். அதற்கே இரண்டு கைகளாலும் இடது காலைத் தூக்கி உள்ளே வைக்கவேண்டியிருந்தது. பிறகு குனிந்து தன் பாதங்களைப் பார்த்தான். பெடல் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. தன் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தான். மேய்ச்சல் தரையில் இரண்டு சுற்றுச் சுற்றி வந்தபோது, ஐந்து வருடமாக நான் காணாத சிரிப்பு அவன் முகத்தில் இருந்தது. வாங்கினோம்.

இனி டொக்டர், அவன் மகளின் வயதுள்ள தமிழ்ப் பெண். எங்கள் ஆட்கள் டொக்டரிடம் போவது நோயைச் சொல்ல அல்ல, நல்ல பெயர் வாங்க. இரண்டு நாள் முன்னதாகவே சோற்றைக் குறைத்து, தோய்த்து மினுக்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு போவார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "உங்கடை புண்ணியத்தில நல்லா இருக்கிறன் பிள்ளை." அவனும் பத்து வருடமாக அப்படித்தான். தினமும் ஒரு மணித்தியாலம் நடக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவரும் அதை எழுதியிருக்கிறார். அவனுடைய கோப்பைப் பார்த்தால் ஆள் மலையேறலாம். விரல் வெட்டியது ஆஸ்பத்திரியில். அதைக்கூட 'சின்ன விஷயம்' என்றுதான் இவரிடம் சொல்லியிருந்தான்.

அந்தக் கோப்போடு படிவத்தை அனுப்பினால் கட்டாயம் மறுப்பார்கள். ஆகவே நான் ஒரு பட்டியல் எழுதினேன். ஒரு பக்கம், பதினொரு வரி. எத்தனை அடி நடக்கலாம், எத்தனை முறை விழுந்தான், எந்தப் பாதத்தில் எதுவரை உணர்வில்லை, எல்லாம். ஒன்பதாவது வரி: சீனி இறங்கி இரண்டு முறை நினைவு தப்பியது, அதில் ஒரு முறை வாகனம் ஓட்டிக்கொண்டிருக்கும்போது.

பட்டியலை வாசித்துவிட்டு அவன் போன் எடுத்தான்.

"உந்த ஒன்பதாவது வேணுமோ மச்சான்?"

"அரைகுறையாக் குடுத்தா திருப்பி அனுப்புவாங்கள். பிறகு சீசன் முடிஞ்சிடும்."

"நீ சொன்னாச் சரிதான்."

இந்த இடத்தில் நான் நேராக எழுதவேண்டும். அந்த வரி இல்லாமலும் அனுமதி கிடைத்திருக்கும். ஓட்டும்போது நினைவு தப்பியதாக ஒரு நோயாளி சொன்னால், மருத்துவர் அதைப் போக்குவரத்து அமைச்சுக்கு எழுதியே ஆகவேண்டும் என்பது இங்கே சட்டம். நான் இருந்த கவுண்டரில் அப்படி உரிமம் இழந்தவர்கள் வரிசையில் வந்து நின்று அழுதிருக்கிறார்கள். ஒன்பதாவது வரியை எழுதும்போது அந்தச் சட்டம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. காலையில் அந்த பிக்கப்பின் பின் இருக்கையில் ஏறும் பிள்ளையும் நினைவிருந்தது. அவன் முகத்தைப் பார்த்து 'இனி ஓட்டாதே' என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. படிவம் ஒன்று கையில் இருந்தது. அதைப் பயன்படுத்தினேன்.

அவன் கொண்டுபோய்க் கொடுத்த பட்டியலை டொக்டர் இரண்டு தரம் வாசித்தாராம். "அங்கிள், இதெல்லாம் ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டாராம். அவன் எனக்கு அதைப் பெருமையாகச் சொன்னான். "பிள்ளை பாவம், கண் கலங்கிப்போச்சு. எல்லாத்தையும் எழுதினது."

இரண்டு கடிதங்களும் ஒரே கிழமைக்குள் வந்தன. முதலாவதில், நிறுத்திய வண்டியிலிருந்து சுட அனுமதி. இரண்டாவதில், ஓட்டுநர் உரிமம் இடைநிறுத்தம், மருத்துவக் காரணம். அவன் மனைவி எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, இவர் நேற்றையில இருந்து சாப்பிடேல்லை. டொக்டர் பிள்ளை எழுதிப்போட்டாவாம். லைசென்சைப் பறிச்சுப்போட்டாங்கள். உங்களுக்கு உந்த அரசாங்கக் கந்தோர் அலுவல் எல்லாம் தெரியும்தானே, ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோவன்."

நான் மேன்முறையீட்டுப் படிவங்களை எடுத்துக்கொண்டு விட்பிக்குப் போனேன். அவன் இருக்கும் புதிய வீட்டுத்திட்டத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கே அரை மணித்தியாலம் நடக்கவேண்டும். அவன் மனைவி கார் ஓடப் பழகியதில்லை. மகள் வேலைக்கு விடியமுன் போய்விடுவாள். பேத்தியை இப்போது பக்கத்து வீட்டுக்காரி கொண்டுபோகிறாளாம். சுவரைப் பார்த்தேன். விருது இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அவன் படிவங்களை வாசிக்காமல் மேசையில் வைத்தான்.

"ஆறு மாசம் சீனி இறங்காமல் இருக்கவேணுமாம். பிறகு பாப்பினமாம்," என்றான். "பாதம் திரும்பி வருமோ ஆறு மாசத்தில?"

 வெளியே ட்ரெயிலரில் தார்ப்பாயால் மூடிய வண்டி நின்றது. தனியார் காணிக்குள் அதை ஓட்ட ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. பால் வாங்கக் கடைக்குப் போக முடியாதவன், சதுப்புக்குள் வண்டி ஓட்டலாம், அதில் இருந்தபடி துவக்கும் சுடலாம். இரண்டுக்கும் அரசாங்கத்தின் சம்மதம் இருந்தது.

நவம்பரில் போனோம். வராமல் விடுவான் என்று நினைத்தேன், வந்தான். அன்று அவன் மனைவி வாசலில் ஒன்றும் சொல்லவில்லை. பிக்கப்பை நான் ஓட்டினேன். அவன் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் தரையை மிதித்துக்கொண்டு வந்தான்.

காணியில் வண்டியை அவன் ஓட்டினான், மெதுவாக, காலைப் பார்த்துப் பார்த்து. நான் பக்கத்தில் இருந்தேன், கை ஸ்டியரிங்குக்குக் கிட்ட. முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் காலை, சதுப்பின் விளிம்பில் ஒரு ஆண் மான் வந்து நின்று தலையைத் தூக்கியது. அவன் எஞ்சினை எப்போதோ நிறுத்தியிருந்தான். ஒரே குண்டு. அது பத்தடி ஓடி விழுந்தது. அவன் கைக்கு ஒரு குறையும் இல்லை, கண்ணுக்கும் இல்லை.

நான் இறங்கிப் போய், இழுத்துக்கொண்டு வந்து, வண்டிக்குப் பக்கத்தில் போட்டு வயிற்றைக் கிழித்தேன். முந்தி அது பெரும்பாலும் அவனுடைய வேலை. என்னைவிட மூன்று மடங்கு வேகமாகச் செய்வான். இப்போது மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஆவி எழும்பியது. என் கைகள் முழங்கை வரை சிவந்திருந்தன.

"மச்சான்," என்றான். "டொக்டர்மார் எழுதிக் குடுக்கவேணும் எண்ட சட்டம் உனக்கு முந்தியே தெரியுமோ?"

"ஓம்."

"ஒன்பதாவதை எழுதேக்கை?"

"தெரியும்."

 ஒரு காகம் இரண்டு மரம் தள்ளி வந்து இருந்தது.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நிப்பாட்டியிருப்பியோ?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "இல்லை," என்றான். "ஆனா நீ சொல்லியிருக்கவேணும். நான் மாட்டன் எண்டிருப்பன். நீ என்னோடை சண்டை பிடிச்சிருக்கவேணும். அதை விட்டிட்டு, என்ரை கையாலேயே கொண்டுபோய்க் குடுக்க வைச்சிட்டாய்."

துப்பாக்கியிலிருந்த மிச்சக் குண்டுகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். நான் குனிந்து வேலையைத் தொடர்ந்தேன். குனிந்திருக்க ஒரு வேலை கிடைத்ததே என்றுதான் இருந்தது. கத்தி குடலில் பட்டது, இறைச்சியைக் கெடுக்கும் பிழை. பதினேழு வருடத்தில் முதல் தடவை.

இரண்டரை மணித்தியாலம் ஓட்டித் திரும்பி வந்தோம். அவன் வீட்டு வாசலில் பிக்கப்பை நிறுத்திவிட்டு, அந்த இரண்டு நாளும் செய்ததுபோல மற்றப் பக்கம் சுற்றிவந்து கையை நீட்டினேன். அந்த உயரத்திலிருந்து இப்போதெல்லாம் அவனால் தனியாக இறங்க முடியாது. அவன் என் கையைப் பார்க்கவில்லை. ஹோர்னை நோக்கிச் சாய்ந்து இரண்டு முறை அடித்தான். மனைவி செருப்போடு ஓடிவந்தார். அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக, வெகு நேரம் எடுத்து இறங்கினான். நான் நீட்டிய கையை எப்போது மடக்கினேன் என்று ஞாபகமில்லை.

அதன் பிறகு என் போனை அவன் எடுப்பதில்லை. வண்டியை மகள் விற்றுவிட்டாளாம். இயலாதவர்களை வீட்டு வாசலில் வந்து ஏற்றும் சின்ன பஸ்ஸுக்கு அவன் விண்ணப்பித்ததாக அவன் மனைவி ஒருநாள் கோயிலில் கண்டபோது சொன்னார். அந்தப் படிவமும் எனக்குத் தெரியும். எட்டுப் பக்கம். எந்தப் பக்கத்தில் ஆட்கள் பிழைவிடுவார்கள் என்பதும் தெரியும்.

"நான் நிரப்பித் தாறன் எண்டு சொல்லுங்கோ," என்றேன்.

"சொன்னனான் அண்ணை," என்றார், செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டு. "தானே நிரப்புவாராம். இரண்டு தரம் பிழையெண்டு திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். இப்ப மூண்டாந்தரம் எழுதிக்கொண்டிருக்கிறார்."