யாரும் போகாத சைக்கிள் பாதை

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் கொழுந்தனார் விட்டுப் போனது. ஏழு பேருக்கும் பாதிச் சோறு என் வீட்டுக்காரர் சம்பளம், பாதிச் சோறு என் சம்பளம். என் சம்பளம் சைக்கிளில் வந்தது. அந்தச் சைக்கிள் போன பாதையைப் பற்றித்தான் சொல்கிறேன், எழுதுவது பேத்தி. எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் பலகையைப் படிக்கவும் தெரியும். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை.

எண்பதுகளில் எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தார்கள். பாதிக் கித்தா மரங்களைச் சாய்த்துச் எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். பால்வெட்டு வேலை குறைந்ததும் நான் ஜெலாப்பாங்கில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை தொழிற்சாலை வரைக்கும் போகும். மழை பெய்தால் சேறு. இருந்தாலும் லோரி கிடையாது.

தார் போட்ட பெரிய சடக்கில் லோரி உரசிக்கொண்டு போகும். என் கொழுந்தனார் சைக்கிளில் போய்த் திரும்பி வராமல் போனது அந்தச் சடக்கில்தான். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்: "மரத்துக்குள்ள போறதுன்னா போ. பெரிய சடக்குல மிதிக்கிறதுன்னா அந்த வேலையே நமக்கு வேணாம்." தம்பியைப் பறிகொடுத்தவரிடம் எதிர்த்து எப்படிப் பேசுவது?

எனக்குச் சைக்கிள் பழக்கியதும் அவர்தான். கேரியரைப் பிடித்துக்கொண்டு, "நேராப் பாரு, நேராப் பாரு" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடுவார். என்னைவிட அவர்தான் அதிகம் விழுந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், லயத்துப் பக்கம் பாதையின் வாயை முள்ளும் லாலான் புல்லும் வெட்டிப்போட்டு மூடியிருந்தார்கள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, கையெல்லாம் கீறி, வீட்டுக்குப் போனேன். இவர் ஜாலியாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"பாதைய யாரு அடைச்சது?"

"நாங்கதான். மலாய்க்கார ஆபிசர் ஒருத்தரு மேப்பத் தூக்கிக்கிட்டு வந்தாரு. இந்தப் பக்கம் யாரு நடக்குறா, யாரு சைக்கிள்ல போறான்னு வீடு வீடாக் கேட்டாரு. ஒருத்தரும் வாயத் தொறக்கலையே!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாய்கூடப் போகாதுன்னு சொல்லிட்டேன்லா. திரும்பி வந்து பாத்தா பாதை தெரியக்கூடாதுல்ல, அதான் அடைச்சோம்."

அவரைத் திட்டவும் முடியாது. வெள்ளைக்காரத் துரை காலத்தில் பாதையைப் பற்றிக் கேட்டுக்கொண்டு யாராவது வந்தால், மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைத் திருடுகிறவனைத் தேடி வருகிறார்கள் என்று அர்த்தம். பாதையில் கண்டவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அதனால் எங்கள் ஆட்களுக்குக் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும்: யாரும் போறதில்லைங்க. பாதையில் போகிற பெண்கள் நாங்கள் எல்லாரும் ஆபிசர் வந்த நேரம் வேலையில் இருந்தோம்.

மறுநாள் அதே ஆபிசர் எங்கள் தொழிற்சாலைக்கு வந்தார். சின்ன வயசு, மரியாதையான ஆள். கேன்டீன் மேசையில் மேப்பை விரித்தார். புதிய நெடுஞ்சாலை தோட்டத்தைக் குறுக்கே வெட்டிப் போகப்போகிறது, ஜனங்கள் நடக்கிற, சைக்கிள் மிதிக்கிற இடங்களில் அடியில் வழி விடவேண்டும், ஜெலாப்பாங்கிலிருந்து புந்தோங் வரைக்கும் அந்த வழிகளை ஒன்றோடொன்று சேர்க்கவேண்டும் என்று மலாயில் விளக்கினார். மற்ற இடங்களில் கோடு கோடாக இருந்தது. எங்கள் தோட்டம் இருந்த இடம் வெறும் பச்சை.

"இங்க ஏன் ஒண்ணும் இல்ல?" என்று கேட்டேன்.

"அங்க நாய்கூடப் போகாதுன்னு ஒரு பாக்சிக் சொன்னாரே."

பாக்சிக் என்றால் மாமா. எந்த மாமா என்று எனக்குத் தெரியாதா? "நாளைக்கு ஷிப்டு விடுற நேரம் லயத்துக்கு வாங்க, நீங்களே பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் சொன்னதும் இவர் பயந்துவிட்டார். "ஏதாவது பேசப்போயி லயத்தக் காலி பண்ணச் சொல்லிட்டா?"

"ரோடு வந்து பாதை அறுந்துபோனா நான் பெரிய சடக்குலதான் போவணும். அதுக்கு நீங்க சரின்னு சொல்லுங்க, நான் பேசல."

விடிந்து நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனபோது பாதையில் முள் இல்லை. லாலானையும் ஓரமாகக் கூட்டித் தள்ளியிருந்தது. யார் வேலை என்று நான் கேட்கவில்லை. அவர் உள்ளங்கையில் முள் குத்திய இடத்தில் மஞ்சள் வைத்திருந்தார்.

அன்றைக்கு ஷிப்டு விட்டதும் நாங்கள் எல்லாரும் சேர்ந்தே வந்தோம். தமிழ்ப் பெண்கள், பக்கத்துக் கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், குடியிருக்கும் பெண்கள், ஒரு சீனத்தி. மணி அடித்துக்கொண்டு, சேலை கட்டியவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒருத்தி பின்னால் ஒருத்தி. ஆபிசர் மரத்தடியில் நின்றார். பக்கத்தில் இவர்.

"பாக்சிக், நாய்கூடப் போகாதுன்னீங்களே?"

இவர் கண் சிமிட்டாமல் சொன்னார்: "நாய் போகாதுதான் துவான். பொம்பளைங்க போவாங்க."

ஆபிசர் சிரித்த சிரிப்பில் மேப்பு கீழே விழுந்தது. "அண்ணே, நல்லா சமாளிக்கிறீங்கலா!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். அப்புறம் இவரே என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஆபிசரோடு தொழிற்சாலை வேலி வரைக்கும் நடந்துபோய்விட்டு வந்தார். வழியெல்லாம் பேச்சு. பயந்த மனுசன்தானா இவர் என்று இருந்தது.

புந்தோங் வரைக்கும் போட்ட கோடு மேப்போடு நின்றுவிட்டது, நான் பார்த்ததில்லை. ஆனால் நெடுஞ்சாலை வந்தபோது எங்கள் பாதைக்கு அதன் அடியில் வழி வந்தது. சதுரமான சிமெண்டுக் குகை. அடைமழைக்குக் கணுக்கால் தண்ணீர் நிற்கும், இறங்கித் தள்ளவேண்டும். தள்ளினால் என்ன, தேய்ந்தா போவோம்?

அது திறந்த முதல் நாள் இவரும் கூட நடந்து வந்தார். நடுவில் நிற்கும்போது தலைக்கு மேலே லோரி ஒன்று இரைந்துகொண்டு போனது. இவர் சிமெண்டில் கையை வைத்து, அது முழுசாகப் போய்முடியும் வரைக்கும் அண்ணாந்து பார்த்தார். அடுத்ததும் போனது. கண் கலங்கியிருந்தது. தம்பியை நினைத்திருப்பார். பிறகு, "போ, நேரமாச்சு" என்றார். நான் ஏறி மிதித்தேன். வேலையை விட்டு நிற்கும் வரைக்கும் அதில்தான் போனேன், அதில்தான் வந்தேன்.

அவ்வளவுதான் கண்ணு. எழுதுனத எனக்கு ஒரு தடவ படிச்சுக் காட்டு. சத்தமாப் படி, தாத்தாவுக்குக் காது கேக்கணும். மாத்திச் சொல்லணும்னா அவரு சொல்லட்டும்.