தாடையால் கேட்பவர்

கிட்டாரின் விளிம்பில் தாடையை அழுத்தி, வயரைச் செருகாமலே ஒரு கம்பியைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார் கொங் டாரிஹுன். எலும்பு வழியாகக் கேட்கிறாராம். அடுப்பில் கறி தீய்ந்தாலும் அந்த அரை நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது.

ஷில்லாங்கில் பன்றிக்கறிச் சோற்றுக் கடை நடத்துபவர். வயது ஐம்பத்திரண்டு. ஊரில் எல்லோருக்கும் கொங், அதாவது அக்கா. எங்கள் குழுவில் லீட் கிட்டார் அவர்; பாஸ் வாசிப்பவன் நான். கடைச் சுவரில் மூன்று எலெக்ட்ரிக் கிட்டார்கள் தொங்கும். கறுப்பு, நல்ல கனம், உறுமும், கோபமான நாளுக்கு. வெண்ணெய் நிறத்தது இலேசு, துள்ளும். பழுப்பை அவர் எடுத்தால் அன்று கடைக்கே விடுமுறை.

"செருப்ப நீ கண்ணால பாத்தா வாங்குற? கால விட்டுப் பாக்குறல்ல? இதுவும் அப்படித்தான்" என்பார்.

நவம்பர் விழா மேடைக்கான தேர்வு சென்ற சனிக்கிழமை காலை நடந்தது. இரண்டு வருடம் கோட்டை விட்டவர்கள் நாங்கள். இம்முறை நான்கு பாட்டையும் கறுப்புக்கென்றே கனமாக்கி, மூன்று மாதம் முறைத்துக்கொண்டே பழகியிருந்தோம். அந்த வாரம் கடைக் கூரை வேறு ஒழுகியது. கொங் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். எங்களுக்குப் பரம திருப்தி.

சனிக்கிழமை எட்டரைக்குப் போன் வந்தது. மகளுக்குப் பிரசவம். இரண்டு பேரன்களுக்குப் பிறகு, பெண். இங்கே குடிப்பெயரும் வீடும் பெண் வழிதான்; இனி வீட்டுக்கு வாரிசு உண்டு. கொங் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். நான்கு மணிக்குத்தான் பார்க்க விடுவார்களாம்.

டிரம்ஸ் ஷான்போருக்கு முகம் வெளுத்துவிட்டது. எப்படியாவது கோபமூட்டப் பார்த்தான்.

"கொங், சோத்துல உப்பே இல்ல."

"போட்டுக்கடா தங்கம்."

"கறி ரப்பர் மாதிரி இருக்கு."

"மெதுவா மெல்லு. இன்னும் ரெண்டு துண்டு வைக்கவா?"

வெட்கத்தை விட்டு நானும் முயன்றேன். "போன வருஷம் உங்களாலதான் தோத்தோம்னு ஊரே பேசுது."

"ஆமா, அன்னைக்கு மோசமாத்தான் வாசிச்சேன்" என்று சிரித்தார்.

பிறகு கறுப்பை இறக்கித் தாடையில் வைத்தார். ஒரு கம்பி. திரும்பச் சுவரிலேயே மாட்டிவிட்டார். "இது இன்னைக்கு உம்முன்னு இருக்கு." வெண்ணெய் நிறத்ததை எடுத்தார்.

"பாட்டெல்லாம் கறுப்புக்குத்தானே பழகுனோம்?" என்றான் ஷான்போர், அழாத குறையாக.

"பாட்ட மாத்திக்கலாம்டா. கைய மாத்த முடியாது."

மேடையில் அந்த முரட்டுப் பாட்டு முதல் வரியிலேயே துள்ளத் தொடங்கியது. ஷான்போர் தடுமாறினான், இரண்டாம் அடியில் முறைப்பதை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தான். நடுவர் ஒருவர் பேனாவை வைத்துவிட்டுக் காலால் தாளம் போட்டார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பாஸ் கம்பியில் அறிந்ததே இல்லை. தேர்வாகிவிட்டோம்.

நான்கு மணிக்கு, முதுகில் கிட்டார்ப் பையோடே கொங் ஆஸ்பத்திரிக்குள் போனார்; பின்னாலேயே நாங்களும். செவிலியர் துணிச்சுருளைக் கையில் கொடுத்தார். முத்தமிடுவார் என்று பார்த்தோம். கொங் பிள்ளையின் உச்சந்தலையில் தாடையை மெல்ல வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஷான்போர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் காலை மிதித்தேன்.