வெள்ளவத்தையில் அருந்ததி பார்ப்பது

வானத்தைப் பார்க்க அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்று கோயம்புத்தூரில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அங்கே மொட்டை மாடி வீட்டின் இன்னோர் அறை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் உச்சிக்குப் பூட்டு உண்டு. சாவியை இங்கே திறப்பு என்பார்கள். அது குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் ராணி அன்ரியிடம் இருக்கும். பைனாகுலரைக் கழுத்தில் மாட்டி, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாலையும் அவர் கதவைத் தட்ட வேண்டும். டெங்கு நுளம்பு கடிக்காதா, கைப்பிடிச் சுவர் குட்டையாயிற்றே, ஐந்து வயதுப் பிள்ளையை நேரத்தோடு தூங்கவைக்க வேண்டாமா என்றெல்லாம் அவர் கேட்பதற்கு முன்பே நான் எனக்குள் கேட்டு முடித்திருப்பேன்.

நான் தேடியது பெரிதாக ஒன்றுமில்லை. என் திருமணத்தில் நல்ல பகல் வெளிச்சத்தில் புரோகிதர் மேலே கைகாட்டி, "அருந்ததி தெரியுதாம்மா?" என்றார். எல்லா மணப்பெண்களையும் போல, "தெரியுதுங்க" என்றேன். கண் கூசியதுதான் மிச்சம். கணவர் என் பிறந்தநாளுக்குப் பைனாகுலர் வாங்கித் தந்ததும், அருந்ததியை ஒரு தடவையாவது மெய்யாகப் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம் வந்தது. சித்திரை, வைகாசி மாலைகளில் வசிட்டரும் ஒட்டினாற்போல அருந்ததியும் வடக்கே உயர்ந்து நிற்பார்கள். எங்களுக்கு வடக்கே அடுத்த அடுக்குமாடியின் சமையலறை ஜன்னல்கள்.

முந்தாநாள் அங்கிருந்து ஒரு பெண், "மொகத பலன்னே?" என்று சிங்களத்தில் குரல் கொடுத்தார். நலம் விசாரிக்கிறார் என்று எண்ணி, பைனாகுலரைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக் கையசைத்தேன். "என்ன பாக்கிறீங்க எண்டு கேக்கிறாங்க அம்மா," என்று மகள் சொல்வதற்குள் ஜன்னல் சாத்தப்பட்டுவிட்டது.

நேற்று ராணி அன்ரி கதவைப் பாதிதான் திறந்தார்.

"பிள்ளை, நீர் அவையின்ர குசினியைப் பாக்கிறீராம். முறைப்பாடு வந்திருக்கு. இனித் திறப்புத் தரேலாது."

"அருந்ததியப் பாக்கத்தான் போறேன் அன்ரி."

"உதைக் கலியாணத்திலையே பாத்தாச்செல்லோ? இன்னொருக்காப் பாக்க என்ன கிடக்கு?"

"உங்க கல்யாணத்துல நீங்க பாத்தீங்களா?"

அன்ரி கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். "ஐயர் காட்டினவர்," என்று மட்டும் சொன்னார். பிறகு செருப்பை மாட்டினார். "நானும் வாறன். இண்டைக்கு மட்டும்தான்."

மேலே ஒரே மேகம். ஹோட்டல் விளக்குகள் அதையும் மஞ்சளாக்கியிருந்தன. இந்த ஊரின் வானத்திடம் எனக்குப் பொறுமை போய் வெகுநாளாயிற்று. மகள் கொட்டாவி விட்டாள், அன்ரி மணிக்கூடு பார்த்தார். கீழே போய்விடலாமா என்று நான் தடுமாறிய நேரத்தில் மேகம் கொஞ்சம் கிழிந்தது. பெரிய புள்ளி, பக்கத்தில் சின்னது. இவ்வளவுதான் அருந்ததி. ஆனாலும் பைனாகுலரை உடனே இறக்கவில்லை.

பைனாகுலரை அன்ரியிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"ஓம், ரெண்டு நிக்குது. உது எங்கட யாழ்ப்பாணப் பக்கமெல்லோ?"

"அதுக்கும் மேல போனா எங்க ஊரு."

பைனாகுலர் மெல்லக் கீழே இறங்கியது.

"பருப்புப் பொங்கி வழியுது. அடுப்படியில ஆளைக் காணேல்ல."

"அன்ரி!"

"சும்மா இரும் பிள்ளை. நாளைக்கும் வாரும். திறப்பு என்னட்டை இருக்கட்டும், நானும் வாறன்."

அனுமதி கிடைத்துவிட்டது, முறைப்பாடும் உண்மையாகிவிட்டது. எரிச்சலோடு பைனாகுலரை வாங்கி வடக்கே உயர்த்தினேன். அன்ரி தன் கண்களின் அகலத்துக்கு விரித்து வைத்திருந்ததால், ஒன்றாகச் சேர வேண்டிய வானம் இரண்டு வட்டங்களாகப் பிரிந்து நின்றது. இரண்டிலும் அதே சோடி நட்சத்திரங்கள். அவற்றை ஒரே வட்டமாக்க, குழல்களை மடக்குவதும் விரிப்பதுமாக நின்றுகொண்டிருந்தேன்.