பத்துச் சதுர அடி

தொழிற்சாலை உணவுக்கூடத்தில் சாப்பிட உட்காரும் ஒவ்வொருவருக்கும் பத்துச் சதுர அடி இடம் இருக்க வேண்டும் என்பது விதி. பரிமாறும் மேடை அந்தக் கணக்கில் சேராது. தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இது மனப்பாடம். 2007 ஐப்பசியில் திருப்பூர் பக்கத்து நெருப்பெரிச்சலுக்குப் போய் வந்த பிறகுதான், வேறு யாருக்கும் மனப்பாடம் இல்லை என்று தெரிந்தது.

காலை ஏழு மணிக்குச் சேலத்தில் ஏறி, பத்தரைக்குத் திருப்பூரில் இறங்கினேன். அங்கிருந்து நகரப் பேருந்து, மூன்று ரூபாய். நிற்கவும் இடமில்லை. ஒரு கர்ப்பிணி ஏறியதும் நடத்துநர் குரல் கொடுத்தார்: "ஏனுங்க ஜன்னலோரத் தம்பி, ரோட்டை அப்பறமாப் பாத்துக்கலாமுங்க. அக்கா உக்காரட்டும்." தம்பி எழுந்தார். நடத்துநர் எந்த விதிப் புத்தகத்தையும் புரட்டவில்லை.

நான் போனது பழைய சகா ஒருவரின் மருமகன் தனபாலின் பனியன் கம்பெனிக்கு. முந்நூறு பேர் வேலை செய்யும் இடம். ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. அரை மணி நேரம்.

எட்டுப் பேர் அமரும் பெஞ்சில் பதினான்கு பெண்கள் உட்கார்ந்தார்கள். வலது தோளை மேசைப் பக்கம் நீட்டி, இடது தோளை அடுத்தவள் முதுகுக்குப் பின்னால் செருகி, எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தார்கள். முழங்கை விலாவை விட்டு விலகவில்லை. மணிக்கட்டு மட்டும் வாய்க்குப் போய் வந்தது. நடுவில் ஒருத்தி எழுந்தால் பெஞ்சே எழ வேண்டும். அதனால் யாரும் தண்ணீருக்குப் போகவில்லை.

சுவரோரம் ஒரு பெண் காலித் தட்டுடன் நின்றாள். ஜெபமணி, சாத்தான்குளம் பக்கத்துக்காரி, ஏழு மாதக் கர்ப்பிணி. சாய்ந்து உட்கார வயிறு விடாது. நேராக உட்கார்ந்தால் இரண்டு பேர் இடம் போகும். எனவே கடைசியில் உட்காரச் சொல்லி சூப்பர்வைசர் உத்தரவு.

"அவ ரெண்டாளுங்க, ரெண்டு டோக்கன் வாங்கோணும்" என்றாள் பெஞ்சிலிருந்து ஒருத்தி. பெஞ்சு முழுவதும் குலுங்கியது. ஜெபமணியும் சிரித்தாள்.

"எப்போதம்மா சாப்பிடுவாய்?" என்றேன்.

"பெஞ்சு காலியாவயும் மணி அடிக்கயும் சரியா இருக்கும் ஐயா. நாலு வாய் அள்ளிப் போடுவேன். உள்ள கெடக்குறது சும்மா இருக்காது, மிதிக்கும்."

எனக்கு இலை போட்டிருந்தது கண்ணாடி அறையில். பத்து நாற்காலி, ஆள் நான் ஒருவன். அந்தப் பெண்ணை இங்கே உட்கார வைக்கலாமே என்றேன் தனபாலிடம்.

"அது சரக்கு வாங்குற வெளிநாட்டு பையருங்க வந்தா உக்கார்ற டேபிளுங்க மாமா. இன்னைக்கு அவளை விட்டா நாளைக்கு லைனே உள்ள வந்துருமுங்க."

விதியை வார்த்தை பிசகாமல் சொன்னேன்.

"நீங்க சொன்னாச் சரிதானுங்க மாமா. ரசம் ஊத்தட்டுங்களா?"

மரியாதையிலேயே ஒரு சுவர் எழுப்பலாம் என்று அன்று கண்டேன். நானே வெளியே போய் அவளைக் கூப்பிட்டேன்.

"வேண்டாம் ஐயா. ஒங்க கூட உக்காந்து தின்னுட்டு, நாளைக்கு நான் எங்க போய் நிக்க?"

அவளுக்குப் பெஞ்சு கிடைத்தபோது ஐந்து நிமிடம் மிச்சம். மணி அடித்ததும் பாதித் தட்டுச் சோற்றுடன் எழுந்தாள்.

ஊர் திரும்பியதும் தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையுடன் மனு அனுப்பினேன். இரண்டு நினைவூட்டல், பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம். கடைசியில் பதில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வு செய்ததில் உணவுக்கூடத்தில் இடம் தாராளமாக இருந்ததாம். மேற்படி தொழிலாளி தற்போது பணியில் இல்லாததால் மனு முடிக்கப்பட்டதாம். அதற்குள் அவள் வயிற்றில் மிதித்த பிள்ளை எங்கோ உட்கார்ந்து சோறு உண்ணும் வயதுக்கு வந்திருக்கும். அந்தப் பதில் என் கைக்கு வந்த நாள், 2008 ஆடி பதினெட்டு.