கருப்பு வெள்ளையில் என் பிள்ளை

காலையில் ஃபேஸ்புக்கைத் திறந்ததும் என் மகன் செல்வத்தின் முகம், கருப்பு வெள்ளையில். போட்டவள் என் நாத்தனார்.

எங்கள் பக்கம் யாராவது செத்தால்தான் படத்தை அப்படி மாற்றிப் போடுவார்கள். போன மாதம் மூலைவீட்டுக்காரருக்கும் அப்படித்தான் போட்டார்கள்.

விடிவதற்குள் உப்பளத்து வேலைக்குப் போனவன். போன் அடித்தேன், எடுக்கவில்லை. செருப்புகூட மாட்டாமல் உப்பளத்துக்கே ஓடினேன்.

உப்பு வாரிக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, இப்பிடி ஓடி வர்ற?"

அவன் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

அங்கிருந்தே நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"அவன் பொறந்த நாளுக்குத்தான் அண்ணி போட்டேன். கலர்ல மூஞ்சி டல்லா இருந்துது, ஆப்புல மாத்துனேன். ஹீரோ மாதிரி இருக்கான் பாருங்க!"

"மொதல்ல கலருக்கு மாத்துடி!"

என் கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பில்லை என்று எழுந்து போனவள் இவள். அதையே நான் இன்னும் மறக்கவில்லை.

படம் கலராகிவிட்டது. ஆனால் அதற்குள் மூன்று பேர் அதன் கீழே 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டுவிட்டார்கள்.

அந்த மூன்று பேரும் என்னுடைய இந்தப் பதிவின் கீழே வந்து 'நூறு வயசு இருக்கணும்' என்று எழுதிவிட்டுப் போங்கள். எழுதாதவர் பேர் எனக்கு மறக்காது.