பதினொரு படத்திலும் மூடிய கண்

“கண்ணை மூடிக்கம்மா. ஒண்ணு, ரெண்டு... மூணுன்னதும் திற!” என்று சொல்லிக்கொண்டே கேமராப் பொத்தானை அழுத்துவார். பள்ளிக்கூடங்களில் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது அவர் தொழில். பிள்ளைகளுக்கு அவர் ‘மூணு மாமா’. அவருடைய மனைவியே சில சமயம் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

சட்டைப்பையில் ஒரு சீப்பு, நாலைந்து ஊக்கு, மூக்கைத் துடைத்துவிட ஒரு கைக்குட்டை. கலைந்த தலையோடு யாரும் அவர் நாற்காலியில் உட்கார முடியாது. “நான் எடுத்து எந்த மூஞ்சியும் சோடை போனதில்ல” என்று கேட்காதவர்களிடமும் சொல்லுவார். இந்தச் சவடாலைக் கழித்துவிட்டால் மனிதர் தங்கம். கழிக்காவிட்டாலும் தங்கம்தான்.

இந்த வருஷம் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அவரைத் திணறடித்துவிட்டாள். பதினொரு படம் எடுத்தார். பதினொன்றிலும் கண் மூடியிருந்தது.

“வேணும்னே பண்றா சார். வீட்டுலயும் இதுக்காக அடி வாங்கறா” என்றார் டீச்சர்.

“வேணும்னு பண்ணல மாமா. தானா வருது” என்றாள் அவள். சொல்லும்போதே நாலு தடவை சிமிட்டினாள்.

மாமாவுக்குச் சுருக்கென்றது. போன வருஷமும் இவள் இப்படித்தான் சிமிட்டினாள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. அவளுடைய பழைய படத்திலிருந்து கண்ணை எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டி, அட்டையைக் கொடுத்துவிட்டார். ஒட்டியது தெரியவில்லை என்று பெருமை வேறு பட்டுக்கொண்டார். பெற்றவள் கண்ணில் அன்றே பட்டிருக்க வேண்டியதை மறைத்த பாவி நான்தானே என்று இப்போது தன்னையே நொந்துகொண்டார்.

அன்று சாயங்காலமே பதினொரு படத்தையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு, அவள் அம்மா வேலை செய்யும் தையல் கடைக்குப் போனார்.

“என்னண்ணே இது? போன தடவை எவ்வளவு அழகா எடுத்தீங்க!”

“அது எடுத்ததில்லம்மா, ஒட்டினது. தப்பு என்னுதுதான். ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. புள்ளைய அடிக்காதீங்க.”

அந்தப் பெண் தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “அடம்னு நெனச்சேனே” என்று மட்டும் சொன்னார்.

சிறுமிக்குத் தூரத்துப் பார்வை மங்கல் என்று தெரியவந்தது. டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். இவளுக்குச் சிமிட்டல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும், அதையே யாரும் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்துத் தாயும் மகளும் மாமாவின் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் சிறுமி சிமிட்டினாள். கண்டிக்க வாயெடுத்த அம்மா சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டார். மாமா அவசரப்படாமல் ஆறு படம் எடுத்து, கேமராத் திரையை அவள் பக்கம் திருப்பினார். இரண்டில் கண் திறந்திருந்தது. அதில் ஒன்று அட்டைக்கு ஆயிற்று.

“எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு” என்று அவள் காட்டியது வேறு ஒன்று. கண் இரண்டும் மூடி, கண்ணாடி மூக்கில் சரிய, வாய் கொள்ளாத சிரிப்பு.

அவர்கள் போன பிறகு மாமா அதைப் பெரிதாக அச்சடித்தார். கடை வாசல் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, நடுவில் நெடுநாளாக இருந்த கல்யாண ஜோடியை எடுத்து ஓரத்தில் வைத்தார். அந்த இடத்தில் அவளை மாட்டினார்.